பெயர் ஒன்றுதான், இன்ஜின் வேறு

கேள்வி: என்னிடம் 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) விரிசல் விட்டுவிட்டது, இன்ஜினையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒரு தரகரிடம் ஹோண்டா பி சீரிஸ் 1.8 லிட்டர் இன்ஜின் இருக்கிறது. “ஓட்டம் குறைவு, பவர் இரண்டு மடங்கு, போல்ட் போட்டால் உட்கார்ந்துவிடும்” என்கிறார். வாங்கலாமா? அல்லது ரோவர் வி8 தேடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அதற்கு முன் ஒன்று: பிளாக்கின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தாரா உங்கள் மெக்கானிக்? ஆயிலில் தண்ணீர் என்றதும் பிளாக் போச்சு என்று சொல்லிவிடுவது எளிது. பல நேரங்களில் போயிருப்பது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்தான். இந்த இன்ஜினில் ஹெட்டே, நடுவில் உள்ள எக்ஸாஸ்ட் வால்வுகளின் பக்கம் விரிசல் விடுவதும் உண்டு. அப்படியென்றால் வேறு ஹெட் போதும், இன்ஜின் மாற்றுகிற பேச்சே வேண்டாம்.

சரி, பிளாக் போனது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் காரில் இருக்கும் 1,798 சிசி இன்ஜினுக்கும் பி சீரிஸ் என்றுதான் பெயர். தரகர் இதைச் சொல்லியே உங்களைக் கவர்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் கிடையாது. முன்னால் நின்று பார்த்தால் உங்கள் இன்ஜின் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். ஹோண்டா பி சீரிஸ் எதிர்த்திசையில் சுற்றும். குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரங்களை ஓட்டுவதற்காக, அதற்கென்றே செய்த கியர்பாக்ஸோடு பிறந்த இன்ஜின் அது. அதைக் கொண்டுவந்து உங்கள் கியர்பாக்ஸில் இணைத்தால் முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நான்கு கியர் கிடைக்கும். எஸ்2000 காரில் வந்த ஹோண்டா இன்ஜின் நேர்த்திசையில் சுற்றும், நீளவாக்கில் உட்காரும். தரகர் காட்டியது அது இல்லை.

“ஓட்டம் குறைவு” என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கிலோமீட்டர் காட்டும் மீட்டர் டேஷ்போர்டில் இருக்கிறது, இன்ஜினில் இல்லை. தரையில் கிடக்கும் இன்ஜின் 60,000 ஓடியதா, 2,60,000 ஓடியதா என்று அதைக் கழற்றி எடுத்தவருக்கே தெரியாது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வெள்ளி பெயின்ட் அடித்தால் எல்லா இன்ஜினும் புதுசுதான். வாரண்டி தருகிறேன் என்பார்கள். அது விற்ற நாளிலிருந்து முப்பது நாள். நீங்கள் மவுன்ட் செய்து, வயரிங் முடித்து, முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்குள் ஆறு மாதம் ஓடியிருக்கும். நானே ஒருமுறை இப்படி ஏமாந்தேன். இன்ஜின் நல்லதுதான், ஆனால் வயரிங்கை ஒரு சாண் நீளத்தில் கத்தரித்திருந்தார்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இல்லை, அந்தக் கம்ப்யூட்டர் அடையாளம் காணும் சாவியும் இல்லை. இன்ஜினுக்குக் கொடுத்ததைவிட அதை உயிர்ப்பிக்கக் கொடுத்தது அதிகம்.

வேறு மாடல் இன்ஜின்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், இடிபட்ட முழுக் காராக வாங்குங்கள். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது, உங்கள் கண்முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடலாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கும்போது சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் வேண்டாம்.

“போல்ட் போட்டால் போதும்” என்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆயில் சம்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியின்) பள்ளம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? உங்கள் காரில் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் கிராஸ் மெம்பர் இன்ஜினுக்கு அடியில் ஓடுகிறது. சம்ப் அதில் இடித்தால் இன்ஜின் உயரும், பானட் மூடாது. பதில் தெரியாமல் விழித்தால் அவர் அந்த இன்ஜினை எந்த எம்ஜிபியிலும் மாட்டியதில்லை என்று அர்த்தம். அப்புறம் பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பிரேக் என்று செலவு வரிசையாக நிற்கும்.

ரோவர் வி8 விஷயம் வேறு. வேறு இன்ஜின் வேண்டாம் என்ற என் பேச்சுக்கு இது ஒன்று விலக்கு. 3,528 சிசி, எட்டு சிலிண்டர். ஆனால் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ப்யூயிக் 1961-இல் கொண்டுவந்த இன்ஜினை ரோவர் வாங்கித் தனதாக்கிக்கொண்டது. உங்கள் வார்ப்பிரும்பு நாலு சிலிண்டரோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய அதேதான், அதனால் காரின் மூக்கு தாழாது. 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 என்று தொழிற்சாலையே இதைப் போட்டு விற்றது. எடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே குடும்பத்து எம்ஜிசியைப் பாருங்கள். 1967-இல் 2,912 சிசி ஆறு சிலிண்டர் இரும்பு இன்ஜினை வைத்தார்கள். மூக்குப் பக்கம் ஏறத்தாழ 90 கிலோ கூடியது. திருப்பங்களில் கார் மந்தமாகிவிட்டது என்று திட்டு வாங்கி, 1969-இல் நின்றுபோனது.

ஆனாலும் உங்கள் கார் 1972. வி8-க்குத் தோதான இன்ஜின் அறை எல்லா எம்ஜிபிக்கும் வந்தது 1974 இறுதியில், ரப்பர் பம்பர் வந்தபோதுதான். உங்கள் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்காக உட்பக்கத் தகட்டை வெட்டவோ தட்டவோ வேண்டும். கியர்பாக்ஸும் மாற வேண்டும். பின் அச்சும் மாற வேண்டும்: உங்களுடையது 3.9 விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 3.9 சுற்று சுற்றும்), வி8-க்குத் தொழிற்சாலை வைத்தது 3.07. நாலாம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது உங்கள் அச்சு இன்ஜினை ஏறக்குறைய 3,400 சுற்றுகள் ஓட்டும், வி8-இன் அச்சு 2,700-க்குள் ஓட்டும். பழைய அச்சோடு விட்டால் வி8 வீணாகக் கத்திக்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் தயார் என்றால் செய்யுங்கள், பாதி மட்டும் செய்வதாக இருந்தால் தொடாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னொரு எம்ஜிபி இன்ஜினைத் தேடிப் பிரித்துக் கட்டுவேன். கிராங்க் ஷாஃப்டை ஐந்து இடத்தில் தாங்கும் ஐந்து பேரிங் இன்ஜினாக, 1968 மாடலுக்குப் பிந்தையதாக இருக்கட்டும். அதற்கு முந்தையவற்றில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் பின்தகடும் ஃப்ளைவீலும் வேறு. பவர் போதவில்லை என்றால் சிலிண்டரைக் கடைந்து 1,950 சிசி ஆக்கலாம். பானட்டைத் திறப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

கடைசியாக, காகிதம். இன்ஜின் எண் மாறினால் பதிவிலும் மாற வேண்டும், காப்பீட்டாளருக்கும் சொல்ல வேண்டும். புகைச் சோதனையில் காரின் வயதைப் பார்ப்பார்களா, இன்ஜினின் வயதைப் பார்ப்பார்களா என்று கேட்டால், ஒரே கவுன்டரில் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்வார்கள். படிவத்தை எழுதியவர் வாழ்நாளில் ஒரு ஸ்பேனரைத் தொட்டிருக்க மாட்டார். எனவே இன்ஜினை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ரசீதில் இன்ஜின் எண் இருக்க வேண்டும். எண்ணைத் தேய்த்து எடுத்த பிளாக்கை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். உங்கள் பழைய பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம். காரோடு பதிவாகியிருப்பது அதன் எண்தான். வார்ப்பிரும்பு விரிசலை வெல்டிங் இல்லாமல் தைத்து மூடும் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆயில் தடவி, துணியில் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள்.