செவி நேரம்: வலது காது நோகிறது, இடது காதில் நிற்கவில்லை

கேள்வி: ஐயா, இரத்மலானையில் சிறிய விமானம் ஓட்டப் பழகுகிறேன். காதை மூடும் பெரிய ஹெட்செட் இந்தச் சூட்டில் வியர்த்துக் கொட்ட வைக்கிறது என்று, கனடாவில் இருக்கும் மாமா தான் பாவித்த, காதுக்குள் செருகும் இன்-இயர் ஹெட்செட்டைத் தந்தார். பாரமே தெரியவில்லை. ஆனால் ஒரு மணித்தியாலம் போக வலது காது நோகத் தொடங்குகிறது. இடது பக்கம் கதைக்கக் கதைக்க வெளியே வந்துவிடுகிறது. அதன் நுனியில் காதுக்குள் போகும் பஞ்சு போன்ற ஃபோம் டிப்புகளும் பழசாகி இறுகிவிட்டன. திருகோணமலைக் கடைகளில் கைபேசி இயர்போனுக்கு விற்கும் சிலிக்கன் டிப்பை மாட்டலாமா? இருப்பதிலேயே மிருதுவானது எது?
— பயிற்சி விமானி (பெண்), உப்புவெளி

பதில்: பிள்ளை, கடைக்குப் போக முதல் ஹெட்செட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னக் குழாய் முனை தெரியும். கிளாரிட்டி அலோஃப்ட் போன்ற விமானி இன்-இயர் ஹெட்செட்டுகளில் ஸ்பீக்கர் காதுக்கு வெளியே இருக்கும். சத்தம் மெல்லிய குழாய் வழியாகத்தான் டிப்புக்கு வரும். அந்த முனையில் புரி இருக்கும், டிப்பைத் திருகிப் பூட்டுவார்கள். கைபேசி இயர்போனின் முனை இதைவிடத் தடிப்பு. அதற்குச் செய்த சிலிக்கன் டிப் இதில் தொளதொள என்று நிற்கும். நிற்கிறதே என்று நினைத்து மாட்டுவீர்கள். இறங்கியதும் ஹெட்செட்டை இழுக்க, குழாய் கையோடு வரும், டிப் காதுக்குள் தங்கிவிடும். பிறகு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர்தான் எடுக்க வேண்டும். நீங்களாக ஈர்க்கால் கிண்டப் போகக் கூடாது. செவிப்புலன் கருவி பொருத்திய காலத்தில் ஈர்க்கு, சட்டைப்பின், சைக்கிள் சாவி எல்லாம் காதுக்குள் போன கதைகளைக் கேட்டு அலுத்தவன் நான்.

ஆகவே முனைக்குப் பொருந்துவது முதலில். மிருது பிறகு.

உங்கள் நோவைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பெரிய உதவி. வளர்ந்தவர்களின் செவிக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். நேராகப் போகாது, வளைந்து போகும். வெளிப்பக்கம் குருத்தெலும்பு, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உள்பக்கம் எலும்பு, அதன் மேல் மிக மெல்லிய தோல். டிப் நீளமாகி அந்த எலும்புப் பகுதியில் முட்டினால் போட்ட உடனேயே சுரீர் என்று இருக்கும். தடிப்பாக இருந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, நேரம் போகப் போகத்தான் விண்விண் என்று வரும். உங்கள் வலது காது இரண்டாவது வகை. அதற்கு மெலிந்த அளவு வேண்டும். பெண்களின் செவிக்குழாய் பொதுவாக ஆண்களுடையதைவிட ஒடுக்கம். மாமாவின் அளவு உங்களுக்கு ஒத்துவராததில் புதுமை இல்லை.

இடது காது வேறு பிரச்சினை. தாடை அசையும்போது செவிக்குழாயும் அசைந்து கொடுக்கும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடும் பயிற்றுநரோடும் மாறிமாறிக் கதைப்பவருக்கு, மேலோட்டமாகச் செருகிய டிப் அந்த அசைவிலேயே தள்ளுப்பட்டு வந்துவிடும். அங்கே ஒரு அளவு பெரியது, அல்லது சற்று நீளமானது பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரே ஆளின் இரண்டு காதுக்கும் அச்சு எடுத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பல அளவுகள் கலந்த பக்கெற் கிடைத்தால் அதைத்தான் வாங்குவேன்.

ஃபோமா, சிலிக்கனா? விமானத்துக்கு என் வாக்கு ஃபோமுக்கே. சிறிய விமானங்களின் உள்ளே 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு 85 என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். காது வடிவாக அடைபடாவிட்டால் இயந்திரத்தின் கனத்த இரைச்சல் உள்ளே வரும். ரேடியோ கேட்கவில்லை என்று நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள், இரண்டும் சேர்ந்து காதைக் கெடுக்கும். மூன்று அடுக்கு வைத்த சிலிக்கன் டிப்பும் நன்றாக அடைக்கும், கழுவலாம், நாள்பட உழைக்கும். ஆனால் ஒடுங்கிய காதில் உறுத்தும். இன்னொன்று, காற்றுப் புகாமல் அது அடைத்திருக்கையில் விமானம் இறங்கினால் காதுச் சவ்வு வெளிப்பக்கம் இழுபடுவது போல இருக்கும். காதை மேலே இழுத்து டிப்பைக் கொஞ்சம் அசைத்தால் காற்று போகும். வெளியே எடுக்கும்போதும் மெதுவாக, திருகித் திருகி எடுக்க வேண்டும்.

ஃபோமை விரலால் அமுக்கி மட்டும் வைத்தால் போதாது. சுத்தமான, காய்ந்த விரல்களால் விளக்குத்திரி போல மெலிதாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகுங்கள். டிப் மூக்குப் பக்கமாகச் சற்று முன்னோக்கிப் போக வேண்டும். அரை நிமிடம் பிடித்திருங்கள், அது விரியட்டும். பிறகு சத்தமுள்ள ஒரு இடத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில் என்றாலும் சரி, இரண்டு உள்ளங்கையாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் டிப் அடைக்கவில்லை. பெரிய மாற்றம் இல்லையென்றால் சரியாக இருக்கிறது. இதையெல்லாம் தரையில் பார்த்து முடியுங்கள், பறக்கும்போது பரிசோதனை வேண்டாம். வயரையும் சட்டைக் கொலரில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். தொங்கும் வயரே பல டிப்புகளை இழுத்து விழுத்துகிறது.

மலிவு என்று ஃபோமைக் குவித்து வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதைப் பெட்டிக்குள்ளேயே உதிர வைக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும் கூடாது. காய்ந்த துணியால் துடைத்து, காற்றுப் படவிட்டு வையுங்கள். உருட்டிய பிறகு விரியாவிட்டால், அல்லது குறும்பி படிந்து துவாரம் அடைபட்டால், எறிந்துவிட வேண்டியதுதான். மாமாவின் பழைய டிப்புகளையும் சேர்த்து.

இவ்வளவும் செய்தும் நோகிறதென்றால் காதுக்கு அச்சு எடுத்துச் செய்யும் மோல்ட் இருக்கிறது. முதலில் குறும்பியை டாக்டரிடம் எடுப்பித்துக்கொண்டு போங்கள். அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள், கதைக்கும் ஆளுக்கு அதுதான் பொருந்தும். அதுவரை அந்தச் செலவு தேவையில்லை.

கேள்வி: புறாமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் படகு ஓட்டுகிறேன். எஞ்சின் சத்தத்தால் இரவில் காது இரைகிறது. ஃபோம் போடலாமா?
— நிலாவெளி வாசகர்

பதில்: இரைச்சல் தொடர்ந்தால் முதலில் காதைக் காட்டுங்கள், தம்பி. படகுக்கு ஃபோமைவிடக் கயிறு கோர்த்த சிலிக்கன் செருகி நல்லது. கடல் தண்ணீரில் ஊறிய ஃபோம் காதில் இருந்தால் புண் வரக்கூடும், சிலிக்கனை நல்ல தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைக்கலாம். பக்கத்தில் இருப்பவர் உரத்துக் கூப்பிட்டால் கேட்கும், பயப்பட வேண்டாம். பயணிகளுக்கு விளக்கம் சொல்லும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள்.