பூநகரியில் கிணறு தோண்டும் முன்

கேள்வி: ஈசூனில் ஒரே புளோக்கில் வசிக்கும் சில குடும்பங்கள் சேர்ந்து, இலங்கையில் போரில் அடிபட்ட பூநகரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆழ்துளைக் கிணறு அமைக்கப் பணம் திரட்டுகிறோம். எத்தனை அடி தோண்டச் சொல்வது? மோட்டாரா, கைப்பம்பா?

பதில்: அடிக்கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். "இன்னும் நூறு அடி போனால் நல்ல தண்ணி" என்று கேட்டே பழகிவிட்டோம். பூநகரி போன்ற கடலோரத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைவு. அதனால் அதன்மேல் மிதக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி, நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கிவிட்டால், அதே கணக்கில் கீழே உப்பு 4 மீட்டர் ஏறிவரும். ஆழமாகத் தோண்டி வேகமாக இறைத்தால் முதலில் நன்னீர், அப்புறம் உவர். உப்பேறிய கிணறு தெளியப் பல மழைக்காலம் ஆகும்.

ஆகவே, அங்கே பழைய திறந்த கிணறு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தூர்வாரி, குளோரின் இட்டு, மேலே மூடி, கைப்பம்பு பொருத்தினால் பல இடங்களில் அதுவே போதும். கைப்பம்பு மெதுவாக இறைக்கும். இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான். நிவாரணப் பணியில் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர், ஒரு கைப்பம்புக்கு அதிகபட்சம் 500 பேர் என்கிறது.

தண்ணீரைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, மலக்கிருமி நான்கையும் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் வாக்கில் எடுத்த மாதிரியைத்தான் நான் நம்புவேன். மழைக்குப் பின் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்!

புதிதாகத் துளையிட்டே ஆக வேண்டும் என்றால், துளையிடும் லாரி போகும் வழியும் நிற்கும் இடமும் கண்ணிவெடி அகற்றப்பட்டவை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்.

நான் பார்த்த ஒரு கிணற்றில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை பளபளத்தது. பம்பு மட்டும் வாஷர் தேய்ந்து சும்மா நின்றது. திரட்டும் தொகையில் ஒரு பகுதியை உதிரிப்பாகத்துக்கும், பழுது பார்க்க ஊர்க்காரர் இருவருக்குப் பயிற்சி தரவும் ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒரு சட்ட விஷயம். வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுவான விதிப்படி, திரட்டிய தொகையில் 80 விழுக்காடாவது இங்கேயே செலவாக வேண்டும். விலக்கு வேண்டுமென்றால் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். புளோக் வாட்ஸ்அப் குழுவைத் தாண்டி அறிவிப்பு போவதற்குள் அதை விசாரித்துவிடுங்கள்.