ட்ரான்ஸ் மியூசிக்ல நடுவுல பீட் ஏன் நின்னு போகுது?

நடுவுல பீட் காணாம போகுது, பாட்டும் ரொம்ப நீளமா இருக்கு, ஏன்னு கேட்டிருக்கீங்க. பீட் நிக்கற அந்த இடத்துக்குப் பேரு பிரேக்டவுன், ட்ரான்ஸ்ங்கற இந்த எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்கோட உயிரே அதுதான். நிமிஷத்துக்கு 130, 140 அடின்னு கிக் டிரம், அதாவது அந்த தும் தும் சத்தம், ஒரே சீரா வந்துட்டே இருக்கும், காலும் அதுக்கு பழகிடும், திடீர்னு அதை எடுத்துட்டு வெறும் மெலடியும் ஸின்த்தும் (எலக்ட்ரானிக் கீபோர்டு சவுண்டு) மட்டும் விடுவாங்க, கூட்டம் கைய தூக்கிட்டு நிக்கும், அப்புறம் ஸ்நேர் ரோல் (சின்ன டிரம்ல தடதடன்னு அடிக்கறது) வேகமாகி வேகமாகி கிக் திரும்ப விழும்போது மொத்த ஃப்ளோரும் ஒண்ணா குதிக்கும் பாருங்க, அதுக்குத்தான் இவ்ளோ பில்டப்பும். இத அவசரமா மூணு நிமிஷத்துல செஞ்சா ஒண்ணுமே தோணாது.

ஆரம்பத்துலயும் கடைசிலயும் வெறும் பீட் ஓடுறது டிஜே அடுத்த ட்ராக்கோட மிக்ஸ் பண்றதுக்கு.

1990கள் ஆரம்பத்துல ஜெர்மனி கிளப்கள்ல டெக்னோங்கற இன்னொரு எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்லருந்து பிரிஞ்சு வந்த ஸ்டைல் ட்ரான்ஸ். அந்த அகலமா பளபளன்னு வர்ற சவுண்டு 1996ல வந்த ரோலண்ட் ஜேபி-8000 ஸின்த்தோட 'சூப்பர்சா'ங்கற சவுண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுலயே டியெஸ்டோங்கற ட்ரான்ஸ் டிஜே வாசிச்சாரு, அவ்ளோ பெருசாச்சு.

கோவா பீச் பார்ட்டிகள்ல வளந்தது தனி கிளை, அதுலருந்துதான் சைட்ரான்ஸ்ங்கற வகை வந்துச்சு. அங்க மெலடிய விட உருண்டுட்டே போற பேஸ்லைன்தான் (அடியில ஓடுற கனமான சவுண்டு) ராஜா, திறந்தவெளில விடிய விடிய ஆடுவாங்க, யாரும் ஸ்டெப்லாம் பாக்க மாட்டாங்க. எனக்கு பிடிச்சது இதான்.

புதுசா கேக்கறீங்கன்னா தனித்தனி ட்ராக் வேணாம், ஒரு மணி நேர மிக்ஸா போடுங்க.