மாடல் இன்ஜினுக்கு மொட்டைமாடியில் ஸ்ப்ரே அடிக்கலாமா?

மதுரை திருநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "முன்பு போடி லைனில் ஓடிய மீட்டர்கேஜ் டீசல் இன்ஜின் ஒய்டிஎம்-4-ஐ, 1:87 அளவில் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்திருக்கிறேன். மத்தியானம் மொட்டைமாடியில் வைத்து அரக்கு நிற ஸ்ப்ரே அடித்தேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. கிரீம் பட்டைக்காக ஒட்டிய டேப்பை உரித்தால் அரக்கும் கூடவே வந்துவிட்டது. என்ன செய்வது?"

முதல் குறைக்குக் காரணம் வெயில். டப்பாவிலிருந்து கிளம்பும் பெயின்ட் துளி ஈரமாக விழுந்து, பக்கத்துத் துளியோடு கலந்து பரவ வேண்டும். நம்மூர் மத்தியான வெயிலில் அது காற்றிலேயே பாதி காய்ந்து பொடியாகத்தான் வந்து உட்காரும். தள்ளி நின்று அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். காலை ஏழு மணிவாக்கில், காற்று அடிக்காத மூலையில், 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து அடியுங்கள். இன்ஜினுக்கு வெளியே ஆரம்பித்து, அதைத் தாண்டிய பிறகே விரலை எடுங்கள். மெல்லிசாக மூன்று நான்கு கோட் போதும். காய்வதற்கும் வெயிலில் வைக்காதீர்கள், மெல்லிய ஷீட் வளைந்துவிடும். ஐப்பசி அடைமழையில் வேறு தொல்லை: ஈரக்காற்று பட்டால் பெயின்ட் வெளுத்துப்போகும்.

இப்போது இருப்பதை முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. நன்றாகக் காயவிட்டு, 1000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மெதுவாகத் தேயுங்கள். தின்னர் ஊற்றிக் கழுவும் ஆசை மட்டும் வேண்டாம். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டையே கரைத்துவிடும். வண்டிகளுக்கு அடிக்கும் சில ஸ்ப்ரேக்களும் அப்படித்தான். வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள்.

டேப்போடு பெயின்ட் வந்தது பிடிமானம் இல்லாததால். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, காய்ந்தபின் கையால் தொடாமல், பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர் ஒரு கோட் அடியுங்கள். வரிசையையும் மாற்றுங்கள். முதலில் கிரீம், அது நன்றாகக் காய்ந்ததும் பட்டை வரும் இடத்தை டேப்பால் மூடி, மேலே அரக்கு. வெளிர்நிறத்தை அடர்நிறம் சுலபமாக மறைத்துவிடும், அடர்நிறத்தை வெளிர்நிறம் அப்படி மறைக்காது. டேப்பைக் கண்ணாடிமேல் ஒட்டி, ஸ்கேல் வைத்துப் பிளேடால் புது ஓரம் வெட்டிக்கொள்ளுங்கள். புறங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பசை அளவோடு இருக்கும். ஒட்டியபின் ஓரத்தில் மறுபடி கிரீமையே லேசாக அடியுங்கள். கசிந்தாலும் கிரீம்தான் கசியும். அப்புறம் அரக்கு. உரிக்கும்போது மேலே தூக்காமல், பின்னோக்கி மடக்கி இழுங்கள்.

நிறத்துக்கு, நீங்கள் போடப்போகும் அதே நம்பருள்ள நிஜ இன்ஜினின் போட்டோவை வைத்துக்கொள்வது நல்லது. ஒரே வகையென்றாலும், இன்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட்டுக்கு ஷெட் நிறம் மாறும். எண்களை டீகாலாக (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டுவதென்றால் முதலில் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ், ஒட்டியபின் பளபளக்காத மேட் வார்னிஷ்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மாடல் தண்டவாளம், 1435 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள நிஜப் பாதைக்கானது. உங்கள் இன்ஜினுக்கு, மீட்டர்கேஜின் இடைவெளியான 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது, 12 மில்லிமீட்டர் தண்டவாளம்தான் பொருந்தும். அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களான போகிகளுக்கு பிரஷ்ஷே போதும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பில் பெயின்ட் பட்டால் மோட்டாருக்குக் கரண்ட் ஏறாது, ஈரம் காயும் முன்பே துடைத்துவிடுங்கள்.