நிரல் எழுதத் தெரியாத மூன்று பேர் இணைய இதழ் தொடங்க எந்த மென்பொருள் ஏற்றது?

மாதம் ஓர் இதழ், பத்துப் பன்னிரண்டு படைப்புகள், மூவருக்கும் நிரல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர்கள் இருவருடன் நான் இதழ் தொடங்கியபோதும் இதே நிலைதான். என் பதில்: வேர்ட்பிரஸ். சொந்த டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) வாங்கி, ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) எடுத்து, அதில் நீங்களே நிறுவிக்கொள்ளுங்கள்.

2003இல் வந்த கட்டற்ற மென்பொருள் அது. உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதனால் சிக்கல் வந்தால் கைகொடுக்க உங்கள் ஊரிலேயே ஆள் கிடைப்பார். ஆனால் இதழுக்கு அதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. எழுதுபவர், திருத்துபவர், வெளியிடுபவர் என்று அதிகாரத்தைப் பிரித்துத் தரலாம். பங்களிப்பாளர் என்ற நிலையில் ஒருவரைச் சேர்த்தால் அவர் எழுதிச் சமர்ப்பிக்கலாம், வெளியிட முடியாது. படம் ஏற்றவும் முடியாது, அதை இதழாசிரியர்தான் செய்ய வேண்டும். கூகுளின் இலவசப் பதிவுத் தளமான பிளாகரில் இந்த இடைநிலை இல்லை. எழுதுபவராகச் சேர்த்தவரே நேராக வெளியிட்டுவிடலாம். தனி ஒருவர் எழுத அது போதும், மெய்ப்புப் பார்க்கிற இதழுக்குப் போதாது.

கோஸ்ட் என்ற மென்பொருள் அழகானது. எழுதும் பக்கம் அவ்வளவு தெளிவு. மின்னஞ்சல் மடலும் சந்தாவும் உள்ளேயே உண்டு. ஆனால் அது நோட் ஜேஎஸ் என்ற நிரல் சூழலில் ஓடுவதால் மலிவான சாதாரண ஹோஸ்டிங்கில் நிறுவுவது கடினம். கட்டணச் சந்தா ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவை வழியாக நடப்பது. உங்களுக்கு அந்தக் கணக்குக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். துருபல் என்ற இன்னொரு மென்பொருள் ஆற்றல் மிக்கது, தொடக்கக்காரர்களுக்கு வேண்டாம்.

தமிழ் இதழ் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் பக்க முகவரிக்கு 200 குறிகள்தான் எல்லை. தமிழில் ஒவ்வோர் எழுத்தும், ஒவ்வொரு துணைக்குறியும், ஒவ்வொரு புள்ளியும் இணைய முகவரிக்காகக் குறியாக்கம் செய்யப்படும்போது அந்த 200இல் ஒன்பது இடங்களைப் பிடிக்கும். ‘கூத்துக்கலைஞர்களின் வாழ்க்கை’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘கூத்துக்கலைஞர்களின்-வாழ’ என்று அறுந்து நிற்கும். அதையே வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பல நேரம் விழுக்காட்டுக் குறிகளும் (%) ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக நீண்டு, வாசகர் தொடவே தயங்குவார். வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டிவிடுங்கள். வெளியான பின் மாற்றினால் குழப்பம்தான்.

வார்ப்புரு (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) வாங்கும்போது எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது. பக்கங்களை இழுத்து இழுத்து அடுக்கும் கருவியோடு வந்த ஒரு வார்ப்புருவை, முகப்பின் அழகில் மயங்கிப் பணம் கொடுத்து வாங்கினோம். ஓராண்டு கழித்து அதை நீக்கியபோது ஒவ்வொரு கட்டுரையிலும் பத்திகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகளும் கட்டளைச் சொற்களும் அப்படியே கிடந்தன. அறுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கையால் துப்புரவு செய்தோம். ஒரு சிறுகதையில் உரையாடல் ஒன்று அழிந்துபோனதை எழுதியவர் சொல்லித்தான் அறிந்தோம். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. இலவசமாகக் கிடைக்கும் எளிய வார்ப்புரு போதும். வேர்ட்பிரஸ் உள்ளேயே இருக்கும் கட்டத் தொகுப்பானிலேயே (பத்தி, படம் என்று ஒவ்வொன்றையும் தனிக் கட்டமாக இடும் எழுதுபக்கம்) எழுதுங்கள். கவிதைக்கென்று தனிக் கட்டம்கூட அதில் இருக்கிறது; வரிகள் முறிந்த இடத்தில் முறிந்தே நிற்கும்.

மொழிபெயர்ப்புக்கு இரண்டு பெயர் போட வேண்டியிருக்கும். வேர்ட்பிரஸ் இயல்பாக ஒருவர் பெயரைத்தான் ஏற்கும். ‘கோ-ஆதர்ஸ் பிளஸ்’ என்ற செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) அதைத் தீர்க்கும். மாத இதழ்களுக்கு ‘இதழ் 1’, ‘இதழ் 2’ என்று வகைகளை முதல் நாளே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூவரில் கணினிப் பழக்கம் மிகக் குறைந்தவரிடம் ஒரு கவிதை, இரண்டு படங்களுள்ள ஒரு கட்டுரை, இரண்டையும் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், சுட்டியைத் தொடாதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று எழுதினால் அந்த இடத்துக்கு வழி சொல்கிறேன்.