கண்ணும் உராய்வும்: கேள்வி பதில்

கேள்வி: கிணற்றுக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாமே மங்கல். நீச்சல் கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரிகிறது. கண் அதேதானே சார்?

பதில்: கண் அதேதான், எதிரே இருப்பது மாறிவிட்டது. ஒளியை வளைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலை, கண்ணின் முன்பக்கம் இருக்கும் கார்னியாவுடையது. உள்ளே இருக்கும் லென்ஸ் மிச்சத்தைத்தான் பார்த்துக்கொள்கிறது. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்ணை ஒளிவிலகல் எண் என்பார்கள். காற்றுக்கு அது கிட்டத்தட்ட 1, கார்னியாவுக்கு 1.376. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒளி நன்றாக வளைகிறது. தண்ணீருக்கோ 1.33. வித்தியாசம் சுருங்கிப்போவதால் கார்னியா ஏறக்குறைய வேலையற்றதாகிவிடும், பிம்பம், அது விழ வேண்டிய கண்ணின் பின்திரையான விழித்திரைக்குப் பின்னால் தள்ளிப்போகும். நீச்சல் கண்ணாடி கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: கண்ணில் குருட்டுப் புள்ளி இருக்கிறது என்று என் பெண் பாடத்தில் படித்தாள். வீட்டில் காட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தாளைக் கை நீட்டிய தூரத்திலிருந்து மெதுவாக முகத்தருகே கொண்டுவந்தால், சுமார் 30 செ.மீ. வரும்போது புள்ளி காணாமல் போகும். இன்னும் கிட்டே வந்தால் திரும்பிவிடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. புள்ளியின் பிம்பம் அங்கே விழும்போதுதான் மறைகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், அந்த இடம் கறுப்பாகவோ ஓட்டையாகவோ தெரியாது. சுற்றியுள்ள வெள்ளையை வைத்து மூளையே நிரப்பிவிடுகிறது. கோடு போட்ட தாளில் செய்தால் கோடு இடைவெளியில்லாமல் ஓடுவது போலவே தெரியும், அதையும் செய்து பாருங்கள். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் இந்தப் புள்ளி இல்லை. அவற்றின் நரம்பு இழைகள் விழித்திரைக்குப் பின்பக்கமாகவே போகின்றன.

கேள்வி: மழையில் பைக்கில் சடன் பிரேக் போட்டால் ஏன் சறுக்குகிறது?

பதில்: சக்கரம் உருளும்போது, டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் தரையோடு ஒட்டி நிற்கிறது. அங்கே நிலை உராய்வு வேலை செய்கிறது. சடன் பிரேக்கில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் டயர் தரையில் தேய்ந்துகொண்டே போகும். இது இயக்க உராய்வு, பிடிப்பு குறைவு. பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடுவதால் முன் சக்கரம் பூட்டினால் கீழே விழுவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் என்ற பூட்டுத் தடுப்பு பிரேக் அமைப்பு, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்துச் சக்கரத்தை உருள வைக்கிறது.

கணக்கையும் பாருங்கள். உராய்வுக் குணகம் (பிடிப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 0.7 உள்ள காய்ந்த சாலையில், 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க 9 மீட்டர் வேண்டும். ஈரத்தில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் 16 மீட்டர். வேகம் 80 என்றால் காய்ந்த சாலையிலேயே 36 மீட்டர்! வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. தயவுசெய்து மழையில் மெதுவாகப் போங்கள்.

கேள்வி: வழவழப்பு கூடக் கூட உராய்வு குறைந்துகொண்டே போகுமா? (ஐடிஐ மாணவர்)

பதில்: ஓரளவுக்குத்தான். உங்கள் பட்டறையில் ஸ்லிப் கேஜ் (அளவு சரிபார்க்கும் மிக வழவழப்பான கட்டைகள்) இருக்குமே, இரண்டைத் துடைத்து அழுத்தித் திருகிச் சேர்த்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு நெருங்கிவிட்டால் மூலக்கூறுகளின் ஈர்ப்பும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன.

கேள்வி: இமை நாள் முழுக்கக் கண்ணைத் தேய்க்கிறதே, கார்னியா கீறாதா?

பதில்: இடையில் கண்ணீர்ப் படலம் இருக்கிறது. சில மைக்ரோமீட்டர் தடிமன்தான்; அதில் கொழுப்பு, நீர், வழுவழுப்பான மியூசின் எல்லாம் உண்டு. போனையே உற்றுப் பார்த்தால் இமைப்பது குறையும், படலம் காயும், அப்புறம் உறுத்தலும் எரிச்சலும். அடிக்கடி வேண்டுமென்றே முழுசாக இமைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். மருந்துக் கடையில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள், அது கண்ணழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே பறித்துவிடக்கூடும்.