ஆத்தங்குடி டிசைனில் வினைல் டைல்ஸ்: பழைய மொசைக் மேல் ஒட்டலாமா?

கேள்வி: எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. ஹால் 10க்கு 12 அடி. பழைய மொசைக் தரையில் இரண்டு இடத்தில் விரிசல். இடித்துப் போட வசதியில்லை. ஆத்தங்குடி டிசைன் போட்ட வினைல் டைல்ஸை மேலேயே ஒட்டலாமா? எந்த டிசைன் எடுப்பது?

பதில்: ஒட்டலாம். ஆனால் டிசைனுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. தரைத்தளம் என்பதால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டடி சதுர பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ இப்போதைக்கு வினைல் வேண்டாம். ஈரம் பசையைத் தளர்த்திவிடும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் சோதிப்பது இன்னும் நல்லது.

தரை காய்ந்திருக்கிறதா? சரி, அடுத்தது விரிசல். 2 மி.மீ. வினைல் எதையும் மறைக்காது. அடியில் இருக்கும் விரிசலும் மேடும் சில மாதங்களில் மேலே கோடாகத் தெரியும். அதனால் விரிசலை அடைத்துச் சமன்செய்யாமல் ஒட்டக் கூடாது. மொசைக்குக்கு மெழுகு பாலிஷ் போட்டிருந்தால் அதையும் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். மெழுகின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

இனி டிசைன். கடையில் ஒற்றை டைலைக் கையில் பிடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓரடி டைல்கள் நான்கு சேர்ந்தால்தான் ஒரு பூ என்றால், அந்தப் பூ இரண்டடி அகலம். உங்கள் ஹாலின் 10 அடிப் பக்கத்தில் ஐந்து பூதான் வரும். சோபாவும் பீரோவும் போட்டபின் முழுப் பூவாகக் கண்ணில் படுவது எத்தனை? ஒரு டைலுக்குள்ளேயே முடிந்துவிடும் சின்ன டிசைன்தான் உங்கள் அறைக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். பழைய வீடுகளில் சுவர்கள் சரியான மூலைமட்டத்தில் இருப்பது அபூர்வம். அதனால் சுவர் ஓரம் பார்டர் வேண்டாம், கோணல் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அறை நடுவிலிருந்து ஒட்டத் தொடங்கி, வெட்டுத் துண்டுகள் இரண்டு பக்கமும் சமமாக விழும்படி மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிறத்தில், கறுப்பு-வெள்ளை டைல் படத்தில் அழகாக இருக்கும், வீட்டில் ஒவ்வொரு தலைமுடியும் தெரியும். மங்கிய பச்சை, செங்காவி, சாம்பல் கலந்தது அழுக்கைத் தாங்கும். சாம்பிளைத் தரையில் போட்டுப் பகல் வெளிச்சத்திலும், இரவில் டியூப்லைட்டிலும் பாருங்கள்.

டைலின் மொத்த கனத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அச்சுக்கு மேல் இருக்கும் பாதுகாப்புப் படலம், அதாவது வேர் லேயர், எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டுக்கு 0.3 மி.மீ. போதும். நாற்காலி இழுபடும் இடம், குழந்தைகள் ஓடும் இடம் என்றால் 0.5 எடுங்கள். அது தேய்ந்தால் பூவும் அதோடு போய்விடும், பாலிஷ் போட்டு மீட்க முடியாது. தாளை உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் ரகம் வாடகை வீட்டுக்குச் சரி, சொந்த வீட்டுக்குப் பசை பூசி ஒட்டுவதே மேல்.

சாமி கும்பிடும் இடம் ஹாலில்தானே? ஊதுபத்தி நெருப்பு விழுந்தால் வினைல் பொசுங்கும், கற்பூரத் தட்டைச் சூட்டோடு கீழே வைத்தாலும் ஆபத்து. அங்கே ஒரு கல் பலகை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் ரப்பர் வைத்த மிதியடியும் வேண்டாம், நாளடைவில் மஞ்சள் கறை பிடிக்கும், தேய்த்தாலும் போகாது.

120 சதுர அடிக்கு வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 132 சதுர அடி வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கட்டும். மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், பின்னால் ஒன்றிரண்டு கெட்டால் மாற்ற உதவும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள்.